வினாத்தாளை நம் பிள்ளைகள் எழுதட்டும்

ஏப்ரல் 14 நெருங்குகிறது. 2022 முதல் தமிழ்நாடு அரசு அந்த நாளைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அரசு அறிவிப்பதற்கு முன்பிருந்தே நம் காலனிகளில் அது திருநாள்தான். வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர், நத்தம் என்று திண்டுக்கல்லைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் பந்தல் இருக்கும், மைக் செட் இருக்கும், நீலக் கொடி பறக்கும். மாலையில் பிள்ளைகளுக்குப் போட்டிகள் நடக்கும். ஓட்டப்பந்தயம், கோலம், பேச்சு, கட்டுரை, கடைசியில் வினாடி வினா. எவர்சில்வர் தட்டும் டிபன் பாக்ஸும் பரிசு.

இந்த வினாடி வினாவை நாம் பொழுதுபோக்காகவே நடத்திக்கொண்டிருக்கிறோம். முந்தின நாள் இரவு, மன்றத்தில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் பொது அறிவுக் கைடைப் புரட்டி, செல்பேசியில் தேடி, 30 கேள்விகளை எழுதி முடிப்பார். அம்பேத்கர் பிறந்த ஆண்டு எது? பிறந்த ஊர் எது? அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் யார்? தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு எது? போன ஆண்டும் இவைதான், அதற்கு முந்தின ஆண்டும் இவைதான். கேள்வி பாதி வரும்போதே பிள்ளைகள் மணியை அடித்து 1891 என்கிறார்கள், மோவ் என்கிறார்கள், 17 என்கிறார்கள். கைதட்டல் விழுகிறது. அந்தப் பதினேழாம் பிரிவு தன் தெருவுக்கு என்ன செய்யும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கேள்வி அதைக் கேட்கவே இல்லை.

கேள்வியை எழுதுகிறவர்தான் எது அறிவு, யார் பெயர் நினைவில் நிற்க வேண்டும், எந்த ஊர் வரலாற்றில் இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்கிறார். பதில் சொல்கிறவருக்கு அந்த உரிமை இல்லை. நம் பிள்ளைகள் இத்தனை காலமும் பதில் சொல்லும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேள்வி எழுதும் இடத்துக்கு வர வேண்டும். நல்ல கேள்வி எழுதுவதற்கு முறை உண்டு, கற்றுக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ஒரு கேள்விக்கு வந்த புகார்

2020 அக்டோபர் 30 அன்று 'கௌன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியில் அமிதாப் பச்சனுக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நடிகர் அனூப் சோனி. இன்னொருவர் கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராகப் போராடும் சபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பின் பெசவாடா வில்சன், 2016-ல் மகசேசே விருது பெற்றவர். 6,40,000 ரூபாய்க்கான கேள்வி வந்தது. 1927 டிசம்பர் 25 அன்று அம்பேத்கரும் அவரைப் பின்பற்றியவர்களும் எந்த நூலின் பிரதிகளை எரித்தார்கள் என்பது கேள்வி. விஷ்ணு புராணம், பகவத் கீதை, ரிக் வேதம், மனுஸ்மிருதி ஆகியவை தெரிவுகள். விடை மனுஸ்மிருதி. மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் நடந்த, யாராலும் மறுக்க முடியாத நிகழ்வு அது.

அடுத்த சில நாட்களில் இந்துக்களின் மனம் புண்பட்டுவிட்டது என்று புகார்கள் கிளம்பின. லாத்தூர் மாவட்டத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரே காவல்துறையிடம் புகார் கொடுத்தார். நான்கு தெரிவுகளும் ஒரே மதத்தின் நூல்களாக இருப்பது ஏன், வேறு மத நூல்களையும் கலந்து கொடுத்திருக்கலாமே என்பது அவர்களுடைய முக்கியமான வாதம்.

கேள்வி எழுதும் கண்ணோடு இந்த வாதத்தைப் பார்ப்போம். ஒரு தெரிவில் பைபிள், இன்னொன்றில் குர்ஆன், மூன்றாவதில் குரு கிரந்த சாகிப், நான்காவதில் மனுஸ்மிருதி என்று வைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் தெரியாதவரும் கண்ணை மூடிக்கொண்டு நான்காவதைத் தொடுவார். தெரிவுகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பது கேள்வி எழுதுவதன் முதல் பாடம். நெல் வகையைக் கேட்டால் நான்கும் நெல்லாக இருக்க வேண்டும். மூன்று நெல்லும் ஒரு கத்தரிக்காயும் வைப்பது கேள்வி ஆகாது. அந்தக் கேள்வியில் நாள் துல்லியமாக இருந்தது, விடை ஒன்றே ஒன்றாக இருந்தது, தெரிவுகள் சமமாக இருந்தன. ஆவணம் உள்ள ஒரு செய்தியைக் கோடிக்கணக்கான வீடுகளுக்கு அது கொண்டு சேர்த்தது. எரித்தது யார் என்பதும் கேள்விக்குள்ளேயே இருந்தது. புகார் கொடுத்தவர்களை உறுத்தியது இந்தக் கடைசிச் செய்திதான் என்று நான் நினைக்கிறேன்.

விடையே இல்லாத கேள்வி

இதற்கு நேர் எதிரான கேள்வி நம் மாநிலத்திலேயே கேட்கப்பட்டது. 2022 ஜூலை 14 அன்று சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாறு இரண்டாம் பருவத் தேர்வு நடந்தது. தமிழ்நாட்டு விடுதலை இயக்க வரலாறு பற்றிய தாளில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு தெரிவுகள் கொடுத்திருந்தார்கள். மகர், நாடார், ஈழவர், ஹரிஜன். கண்டனம் எழுந்தது. வினாத்தாள் வேறு பல்கலைக்கழக ஆசிரியர்களால் தயாரிக்கப்பட்டது, கசியக் கூடாது என்பதால் முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்று துணைவேந்தர் விளக்கம் கொடுத்தார். உயர்கல்வித் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது.

பெரியாரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தில் இப்படியா என்று பலர் அப்போது வருந்தினார்கள். நான் இன்னொன்றையும் சொல்வேன். அது அறிவுக் கேள்வியாகவும் தோற்றுப்போன ஒன்று. சாதி தாழ்ந்தது, உயர்ந்தது என்பது ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மேல் ஏற்றிவைத்த தீர்ப்பு. அதை நெல்லின் நிறம்போல, மலையின் உயரம்போல இயற்கையான உண்மையாக வைத்துக் கேட்டால் சரியான விடை எங்கிருந்து வரும்? அந்தத் தேர்வு அறையில் உட்கார்ந்திருந்த தலித் மாணவர் ஒரு மதிப்பெண்ணுக்காகத் தன் கையாலேயே தன்னைத் தாழ்ந்தவர் என்று குறிக்க வேண்டியிருந்தது. இதே செய்தியை நேர்மையாகக் கேட்க வழி உண்டு: 'சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களை ஹரிஜன் என்ற பெயரால் அழைத்துப் பரப்பிய தலைவர் யார்? அந்தப் பெயரை அம்பேத்கர் ஏற்றாரா, மறுத்தாரா?' இப்படிக் கேட்டால் மாணவர் ஒரு விவாதத்தைத் தெரிந்துகொள்வார். காந்தி பரப்பினார், அம்பேத்கர் மறுத்தார்.

அரசு வேலைக்கான தேர்விலும் இது நடந்தது. 2018 நவம்பர் 11 அன்று டி.என்.பி.எஸ்.சி. நடத்திய குரூப் 2 தேர்வில், ஒரு கேள்வியின் தெரிவுகளில் பெரியாரின் பெயர் சாதிப் பின்னொட்டோடு அச்சாகியிருந்தது. அவர் தாமே துறந்த பின்னொட்டு அது. கண்டனம் எழுந்ததும் ஆணையம் வருத்தம் தெரிவித்தது. கேள்வியில் பிழை இல்லை, தெரிவில்தான் பிழை. சாதி எந்த ஓட்டை வழியாகவும் உள்ளே வரும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கேள்வியை ஒரு முறை படித்தால், தெரிவுகளை மூன்று முறை படியுங்கள்.

நன்னூல் சொல்லும் ஆறு வினாக்கள்

பத்தாம் வகுப்புத் தமிழில் வினா வகை ஆறு என்று படித்திருப்பீர்கள். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. தனக்கு விடை தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா.

வினாடி வினாவில் கேட்பதெல்லாம் அறிவினா. அதனால் அதிகாரம் எப்போதும் கேட்பவர் கையில் இருக்கிறது. ஆனால் நல்ல அறிவினா எங்கே பிறக்கிறது? யாரோ ஒருவர் முதலில் அறியா வினா கேட்டிருக்க வேண்டும். தெரியாத ஒன்றைத் தேடிப் போய், நூலகத்தில் புரட்டி, பெரியவர்களிடம் கேட்டு, சரிபார்த்துக் கொண்டு வந்தவர்தான் பிறருக்குப் பயன்படும் கேள்வியை எழுத முடியும். கைடிலிருந்து பிரதி எடுப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் இன்னொருவர் தேடியதைத்தான் திருப்பிச் சொல்கிறார்.

தேடினால்தான் கிடைக்கும் என்பதற்கு அயோத்திதாசப் பண்டிதரே சாட்சி. 1907 ஜூன் 19 அன்று அவர் தொடங்கிய இதழின் பக்கங்கள் பல காலம் பொது வாசகர் கைக்கு வரவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகுதான் அவர் எழுத்து பரவலாகப் படிக்கக் கிடைத்தது. அதற்கு முன் எந்தக் கைடும் அவரைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்க முடியாது.

கேள்வி எழுதும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். நம்மூரில் விருப்பமாகக் கேட்கப்படும் கேள்வி, இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சில் விரும்பிப் புகைத்த சுருட்டு எந்த ஊருடையது என்பது. திண்டுக்கல் என்று நாம் சொல்வோம். திருச்சிக்காரர்கள் தங்கள் ஊர் என்பார்கள். இரண்டு ஊரும் உரிமை கொண்டாடும் கதையை வைத்து ஒரு பிள்ளையின் விடையைத் தவறு என்று சொல்வது நியாயமில்லை. ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய ஊர் திண்டுக்கல் என்பது உறுதியான செய்தி. அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, 'முதல்' என்ற சொல்லைக் கண்டால் நிதானியுங்கள். தமிழில் முதல் தலித் இதழ் எது என்று கேட்டு, இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய 'பறையன்' என்று விடை வைப்பதைப் பார்க்கலாம். அது தவறு. 1869-லேயே 'சூரியோதயம்' வந்துவிட்டது. ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் தலித் இதழ்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்பதுதான். நம் வரலாற்றை நாமே கால் நூற்றாண்டு குறைத்துச் சொல்லலாமா? 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவர் யார் என்று கேட்டால் பிழைக்கு இடமில்லை. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்த துணிவும் பிள்ளைக்குப் புரியும்.

மூன்றாவது, கேள்விக்குள் ஒரு பாதை இருக்க வேண்டும். தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் உட்கார் என்று கேட்பது எளிது. யோசித்தால் எட்டிப் பிடிக்கலாம் என்று அமைப்பதுதான் கேள்வி எழுதுபவரின் உழைப்பு. 'அயோத்திதாசர் நடத்திய இதழ் எது?' என்பது மனப்பாடக் கேள்வி. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: '1907-ல் அயோத்திதாசர் தொடங்கிய வார இதழின் பெயரிலேயே அதன் விலை இருந்தது. பின்னர் விலையைக் குறிக்கும் சொற்கள் நீக்கப்பட்டு, படிப்பவரின் அடையாளத்தைச் சொல்லும் ஒரே சொல் மட்டும் பெயராக நின்றது. முதலில் இருந்த பெயர் என்ன?' அந்தக் காலத்தில் என்ன விலை இருந்திருக்கும், படிப்பவருக்கு என்ன அடையாளம் என்று பிள்ளைகள் யோசிப்பார்கள். அணிக்குள் பேசிக்கொள்வார்கள். 'ஒரு பைசாத் தமிழன்' என்ற விடையைச் சொல்ல முடியாதவர்களும் அதை மறக்க மாட்டார்கள்.

நான்காவது, செயல் யாருடையது என்று பாருங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவைப் பற்றி எல்லாக் கைடுகளிலும் ஒரு கேள்வி உண்டு. 1939-ல் அதற்குத் தலைமை தாங்கியவர் யார்? விடை, அ. வைத்தியநாத ஐயர். சரியான விடைதான், அவர் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் அந்த ஜூலை 8 அன்று காலெடுத்து வைத்தவர்களுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் இருந்திருக்குமே, அவர்கள் யார்? அந்தக் கேள்வியை நாம் எழுதலாம். 'மேலூருக்கு அருகே தும்பைப்பட்டியில் பிறந்து, 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவராக இருந்து, பின்னாளில் தமிழகத்தின் பொதுப்பணித் துறைக்கும் உள்துறைக்கும் அமைச்சராக இருந்தவர் யார்?' விடை, கக்கன். அதே நாள், அதே கோயில். முந்தைய கேள்வியில் நாம் அழைத்துச் செல்லப்பட்டவர்கள். இந்தக் கேள்வியில் நடந்து போனவர்கள்.

ஐந்தாவது, கேள்வி கையில் எதையாவது கொடுக்க வேண்டும். தீண்டாமை ஒழிப்பு எந்தப் பிரிவு என்பதோடு நிறுத்தாதீர்கள். 14566 என்பது எதற்கான இலவசத் தொலைபேசி எண் என்று கேளுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தெரிவிப்பதற்கான தேசிய உதவி எண் அது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஒரு வழக்கை எந்த நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள். துணைக் கண்காணிப்பாளர், அதாவது டி.எஸ்.பி. பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களும் இந்த விடைகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வினாடி வினாவில் இப்படி ஐந்து கேள்வி இருந்தால் அது சட்ட முகாமுக்குச் சமம்.

ஆறாவது, பெருமைக்காகப் பொய் எழுதாதீர்கள். இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. அம்பேத்கர் எத்தனை பட்டம் பெற்றார், எத்தனை மொழி அறிந்தார், எத்தனை ஆயிரம் புத்தகம் வைத்திருந்தார் என்று வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஓர் எண் சுற்றுகிறது. அதையே கேள்வியாக்கினால், நாளை ஒருவர் ஆதாரம் கேட்கும்போது நம் பிள்ளை தலைகுனிய நேரும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்சி. பட்டம், கிரேஸ் இன்னில் பாரிஸ்டர். ஆவணத்தில் இருக்கும் இவையே போதும். அவருக்கு அலங்காரம் தேவையில்லை. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எந்த நூல், எந்தப் பக்கம் என்று எழுதிவைக்கும் பழக்கம் வர வேண்டும்.

தொழிலைக் கேட்பதில் ஓர் எச்சரிக்கை

நம் மக்களின் உழைப்பையும் கலையையும் கேள்வியாக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். பறையைப் பற்றிக் கேட்கலாம், தோல் பதனிடுவதைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் கேட்கும் விதத்தில் ஆபத்து இருக்கிறது. எந்தச் சாதியினர் தோல் வேலை செய்தார்கள் என்று கேட்டால், சாதியைத் தொழிலோடு ஆணி அடித்து மாட்டும் பழைய வேலையை நாமே செய்கிறோம். பள்ளியில் அந்தக் கேள்வி வந்தால் வகுப்பில் எல்லாத் தலையும் ஒரு பிள்ளையின் பக்கம் திரும்பும்.

அதையே அறிவியலாகக் கேட்கலாம். 'திண்டுக்கல் கரட்டிலும் சாலை ஓரத்திலும் மஞ்சளாகப் பூக்கும் ஒரு செடியின் பட்டை, தென்னிந்தியாவில் தோல் பதனிடப் பல காலம் பயன்பட்டது. அது எந்தச் செடி? பட்டையில் உள்ள எந்தப் பொருள் தோலை அழுகாமல் காக்கிறது?' ஆவாரை, டானின். ஆடு மேய்க்கப் போன பிள்ளைக்கு முதல் பாதி தெரியும். வேதியியல் படித்த பிள்ளைக்கு இரண்டாம் பாதி தெரியும். இரண்டு பேரும் ஒரே அணியில் இருந்தால் மதிப்பெண் கிடைக்கும். காலனிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் கலந்து சீட்டுக் குலுக்கி அணி பிரிப்பது இதற்காகவும்தான். தெருவாரியாக அணி பிரித்தால் வினாடி வினா தெருச் சண்டையாகத்தான் முடியும்.

நம் மாவட்டத்திலிருந்து சில கேள்விகள்

திண்டுக்கல் என்றால் பூட்டு, மலைக்கோட்டை, பிரியாணி, சிறுமலை வாழை என்று நான்கைந்தோடு கேள்விகள் முடிந்துவிடுகின்றன. இவையும் இருக்கட்டும். கூடவே இவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

'1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் இருந்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் ஒரு மாவட்டத்தின் பெயரோடு அப்போது அண்ணாவின் பெயர் சேர்ந்திருந்தது. எந்த மாவட்டம்?' நம் மாவட்டம்தான். மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியதாகச் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் தீர்ப்பு இது. கிணற்று நீர் உப்பாகிப்போன கிராமத்துப் பிள்ளைக்குத் தன் ஊர்க் கதை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

'திண்டுக்கல் மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் தனித்தொகுதி எது? அந்த ஊரின் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டவர், 1957-ல் முதன்முறை வென்று மொத்தம் ஏழு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்த பெண் தலைவர் யார்?' நிலக்கோட்டை, ஏ.எஸ். பொன்னம்மாள். மல்லிகைப் பூவுக்குப் பெயர்போன ஊர் என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு இது புதிய வாசல்.

'பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் யார்?' இரட்டைமலை சீனிவாசன். இதற்குத் துணைக் கேள்வி ஒன்று வைக்கலாம். 'பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே இதுபோன்ற தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றது. அப்படியிருந்தும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு போய் அங்கிருந்த சவுதார் குளத்தில் தண்ணீர் குடிக்க வேண்டி வந்தது ஏன்?' இதற்கு ஒரு சொல்லில் விடை இல்லை. இதை மேடையில் கடைசிச் சுற்றாக வைத்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். சட்டம் வந்தும் குளம் திறக்காதது ஏன் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பேசட்டும். பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

'அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற ஒரே தலித் பெண் யார்? அவர் எந்த மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்?' தாட்சாயணி வேலாயுதன், சென்னை மாகாணம். கொச்சிக்காரர், நம் மாகாணத்தின் பிரதிநிதி. இத்தனை சமத்துவ நாள் மேடைகளில் இவர் பெயரை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

எதிர்வாதம் ஒன்று

இதெல்லாம் எதற்கு, பிள்ளைகள் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகட்டும், வேலைக்குப் போகட்டும், அதுதான் விடுதலை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கவலை நியாயமானது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த தெருவில் ஓர் அரசு வேலை என்பது ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். ஆனால் கேள்வி எழுதிப் பழகுவது அந்தத் தேர்வுக்கும் பயிற்சிதான். நான்கு தெரிவுகளை நீங்களே ஒருமுறை அமைத்துப் பாருங்கள். தவறான மூன்றை எப்படி நம்பும்படி வைக்கிறார்கள் என்ற சூட்சுமம் பிடிபடும். பிறகு தேர்வு அறையில் அதே சூட்சுமத்தை எளிதில் அடையாளம் காண்பீர்கள். ஒரு பாடத்தைப் பத்து முறை படிப்பதைவிட, அதிலிருந்து பத்துக் கேள்வி எழுதுவது மனதில் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. இன்று நம் காலனியில் கேள்வி எழுதும் மாணவி நாளை ஆசிரியை ஆவார், பேராசிரியர் ஆவார், தேர்வாணையத்தின் வினாத்தாள் குழுவிலும் உட்காருவார். சேலத்தில் வந்தது போன்ற கேள்வி ஒன்று அந்த மேசைக்கு வரும்போது, இது கேள்வியே அல்ல என்று சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.

இந்த ஏப்ரலில் செய்யக்கூடியது

ஒவ்வோர் ஊரிலும் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஐந்து பிள்ளைகளைக் கேள்விக் குழுவாக வையுங்கள். இரண்டு பெண் பிள்ளைகளாவது கட்டாயம் இருக்கட்டும். மூன்று வாரம் கொடுங்கள். திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கோ, பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். ஊரில் வயதானவர்களிடம் அறியா வினா கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, பள்ளிக்கூடம் எந்த ஆண்டு வந்தது, முதல் பட்டதாரி யார் என்று கேட்டு எழுதட்டும். ஒரு பாட்டி சொன்னதை இன்னொரு தாத்தாவிடம் சரிபார்க்கட்டும். ஆவணம் கிடைத்தால் மட்டும் அதைப் போட்டிக் கேள்வியாக்குங்கள். கிடைக்காதவற்றை ஒரு நோட்டில் எழுதி மன்றத்தில் பத்திரமாக வையுங்கள், அதுவும் நாளைய வரலாற்றுக்குப் பயன்படும். உயிரோடு இருக்கும் உள்ளூர்க்காரர்களின் பெயரை வைத்துக் கேள்வி கேட்டு வம்பு வளர்க்க வேண்டாம்.

முப்பது கேள்வி போதும். போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் முன்கூட்டிப் படித்துக் காட்டுங்கள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை என்றால் மாற்றி எழுதுங்கள். நூல் தமிழைக் கொஞ்சம் தளர்த்தி, மைக்கில் கேட்டால் புரியும்படி சின்னச் சின்ன வாக்கியமாக ஆக்குங்கள். வேகமாக மணி அடிப்பவருக்கே வெற்றி என்று வைக்காமல், யோசிக்க அரை நிமிடம் கொடுங்கள்.

கடைசியாக, ஆட்சேபணைச் சுற்று ஒன்று வையுங்கள். இலக்கணத்தில் விடை எட்டு வகை. அவற்றில் ஒன்று வினா எதிர் வினாதல், கேட்டவரையே திருப்பிக் கேட்பது. உங்கள் கேள்வி தவறு, உங்கள் விடைக்கு என்ன ஆதாரம் என்று எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம் என்று அறிவியுங்கள். கேட்டவர் சொல்வது சரியானால் அவர் அணிக்குப் பத்து மதிப்பெண் கொடுங்கள். பரிசுகளில் ஒன்றை, அது டிபன் பாக்ஸாகவே இருக்கட்டும், அன்றைய சிறந்த கேள்வியை எழுதிய பிள்ளைக்கு ஒதுக்கி வையுங்கள்.